போர்டு

தமிழர் அன்றாடம் புழங்கும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களுள் எது மிகவும் கடுமையாக உழைக்கிறது என்று கேட்டால், என் வாக்கு 'போர்டு' என்ற சொல்லுக்கே. பஸ், டீ, டைம் ஆகியவை அதைவிட அதிகமுறை நம் வாயில் வருபவைதாம். ஆனால் அவற்றுக்கு வேலை ஒன்றே. தேநீர் எங்கே போனாலும் தேநீர்தான். போர்டு அப்படிப்பட்டதன்று. ஒரு சராசரி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சுவரிலுள்ள சுவிட்ச் போர்டைத் தட்டி விளக்கேற்றுகிறோம். போர்டு பார்த்து பேருந்து ஏறுகிறோம். இடமில்லையென்றால் ஃபுட்போர்டில் தொங்குகிறோம். பிள்ளைக்கு இந்த ஆண்டு போர்டு எக்ஸாம். அலுவலகத்தில் நோட்டீஸ் போர்டு, கணினியில் கீபோர்டு, மாலையில் தெருமுனையில் கேரம் போர்டு. மின்சாரம் போனால் ஈ.பி.யைத் திட்டுகிறோம், அதில் வரும் 'பி'யும் இதே போர்டுதான். ஊருக்குப் புறப்பட்டால் போர்டிங் பாயின்ட் எது என்று பார்க்கிறோம். போன ஊரில் தங்குவதற்குத் தேடுவதோ 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று எழுதிய போர்டை.

இந்தக் கடைசித் தொடரைப் பாருங்கள். எழுதப்பட்ட பலகையும் போர்டு. அது விளம்பரப்படுத்தும் சாப்பாடும் போர்டு. ஒரு மரத்துண்டு எப்போது உணவாயிற்று, எப்போது அதிகாரமாயிற்று, எப்போது வண்டியில் ஏறுவதாயிற்று என்கிற கேள்வி என்னை நெடுநாளாகத் தொடர்ந்து வருகிறது. அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய ஆங்கிலத்தில் 'போர்ட்' என்பதற்குப் பலகை என்று பொருள். அதே ஒலியோடு, கப்பலின் பக்கவாட்டு விளிம்பைக் குறிக்கும் மற்றொரு சொல்லும் ஜெர்மானிய மொழிகளில் இருந்தது. இரண்டும் தொடக்கத்தில் வெவ்வேறு வேர்கள் என்பது சொல்லாய்வாளர்களின் கருத்து. ஆனால் கப்பலின் பக்கமே பலகைகளால் ஆனதாயிற்றே! ஒலியும் ஒன்று, பொருளும் அருகருகே. இரண்டும் பின்னிப் பிணைந்து ஒரே சொல்லாகிவிட்டன. போதாக்குறைக்கு அந்த விளிம்புச் சொல் பிரெஞ்சு மொழிக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஓரம் என்ற பொருளில் வாழ்ந்து, 'பார்டர்' என்று உருமாறி ஆங்கிலத்துக்கே திரும்பியது. நம் வீட்டுப் பெண்கள் ஜவுளிக்கடையில் புரட்டிப் பார்க்கும் புடவை பார்டர், கப்பல் விளிம்புக்கு ஒன்றுவிட்ட உறவு.

கப்பல் வழி வந்த சொற்கள் சுவையானவை. பழைய வடகடல் மரக்கலங்களில் சுக்கான் பின்புறத்தின் நடுவில் இராது. வலப்பக்கத்தில் கட்டிய பெரிய துடுப்பே சுக்கான். திருப்பும் துடுப்பு இருக்கும் பக்கம் என்ற பொருளில் வலப்பக்கத்துக்கு 'ஸ்டார்போர்டு' என்று பெயர் வந்தது. விண்மீனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வலப்பக்கம் சுக்கான் இருப்பதால் துறைமுகச் சுவரோடு இடப்பக்கத்தையே அணைக்க முடியும். சரக்கு ஏற்றுவதும் அந்தப் பக்கமே. அதற்கு 'லார்போர்டு' என்று பெயர். புயல் காற்றில் ஸ்டார்போர்டு என்றும் லார்போர்டு என்றும் கத்தினால் மாலுமியின் காதில் எது விழும்? இரண்டும் ஒன்றாகவே கேட்கும். 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டு, இடப்பக்கத்தைப் 'போர்ட்' என்றே சொல்லவேண்டும் என்று ஆணையிட்டது. துறைமுகம் என்று பொருள்படும் வேறொரு சொல் அது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றுவது நம் தலைவிதி. கப்பலின் விளிம்பைத் தாண்டி உள்ளே போனால் 'ஆன் போர்டு', வெளியே விழுந்தால் 'ஓவர் போர்டு'. இன்று விமான நிலையத்தில் போர்டிங் பாஸோடு வரிசையில் நிற்பவர் யாரும் தாம் ஒரு மரக்கலத்தின் பலகைமேல் கால் வைக்கப்போவதாக நினைப்பதில்லை. ஆனால் சொல் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

இனி சாப்பாட்டுக்கு வருவோம்.

இடைக்கால இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் சாப்பாட்டு மேசை என்று தனியாக ஒன்று நிரந்தரமாக இருந்ததில்லை. கூடம் ஒன்றே, அதிலேயே உண்பது, உறங்குவது, வழக்குத் தீர்ப்பது எல்லாம். உணவு வேளையில் இரண்டு முக்காலிக் கட்டைகளை நிறுத்தி, அவற்றின்மேல் நீண்ட பலகையைப் போட்டு, துணி விரித்துப் பரிமாறுவார்கள். உண்டு முடித்ததும் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். ஆகவே மேசை என்றாலே பலகை. பலகை போட்டாயிற்று என்றால் சாப்பாடு தயார். நம்மூரில் 'இலை போட்டாச்சு' என்று சொல்வதில்லையா? இலைக்காக யாரும் எழுந்து போவதில்லை. இலையில் விழப்போகும் சோற்றுக்காகப் போகிறோம். அதுபோலவே 'போர்டு' என்றால் உணவு என்றாயிற்று. காசு கொடுத்து ஒருவர் வீட்டில் நாள்தோறும் உண்பவர் 'போர்டர்' ஆனார். பிற்பாடு 'டேபிள்' என்னும் பிரெஞ்சுவழிச் சொல் ஆங்கிலத்தில் மேசைக்கு நிலைத்துவிட, போர்டு அந்த வேலையை இழந்தது. (அந்த டேபிளுக்கு மூலமான இலத்தீன் சொல்லுக்கும் பலகை என்பதே முதற்பொருள். ஒரு பலகை போய் இன்னொரு பலகை வந்தது.) ஸ்வீடன், டென்மார்க், நார்வே நாட்டார் இன்றும் மேசையை 'போர்டு' என்றே சொல்கிறார்கள். நட்சத்திர ஓட்டல்களில் காணும் 'ஸ்மோர்கஸ்போர்டு' என்பது ஸ்வீடிஷ் மொழியில் ரொட்டிப் பண்டங்கள் பரப்பிய மேசை, அவ்வளவே. கோப்பைகளை அடுக்கி வைத்த வெறும் பலகைதான் 'கப்போர்டு'. அதற்குக் கதவும் பூட்டும் வந்தது பின்னாளில்.

ஆங்கிலேயரின் திருமணச் சட்டத்திலும் இந்தப் பலகை உண்டு. 1857க்கு முன்பு அங்கே திருச்சபை நீதிமன்றங்கள் கணவன் மனைவியை முழுதாக மணவிலக்குச் செய்ய இயலாது. 'படுக்கையிலிருந்தும் பலகையிலிருந்தும்' பிரித்துவைக்க மட்டும் இயலும். மறுமணம் கிடையாது. ஒரே படுக்கை, ஒரே சாப்பாடு என்ற இரண்டும் சேர்ந்தால் இல்லறம். இரண்டையும் விலக்கினால் பிரிவு. இந்தத் தொடரை முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அன்னந்தண்ணி புழங்குவது, கொண்டு கொடுப்பது என்ற இரண்டையும் வைத்துத்தானே நம் கிராமங்களும் உறவையும் விலக்கையும், சாதியின் எல்லையையும் வரையறுத்து வந்திருக்கின்றன?

ஓர் ஒப்பீடு இங்கே தோன்றுகிறது. ஆங்கிலேயருக்குப் பலகை சோற்றுக்குக் கீழே இருந்தது. நமக்கு அது ஆளுக்குக் கீழே இருந்தது. நாம் தரையில் இலை போட்டு, மணைப்பலகையில் அமர்ந்து உண்டோம். விருந்தினருக்கு முதல் மரியாதை மணை போடுவது. மணமக்களை உட்கார்த்துவதும் மணையில். மதுரைச் சங்கத்துக்குச் சிவபெருமான் அருளியதாகத் திருவிளையாடற் புராணம் கூறும் சங்கப்பலகையும் உட்காரும் பலகையே. தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம் தந்து விரியும் பலகை அது. திருக்குறள் அரங்கேற்றக் கதையில், குறள் ஏடு ஏறியதும் அதற்கு மட்டும் இடம் விட்டுப் பலகை சுருங்கியது. புலவர்கள் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார்கள். ஆங்கிலப் போர்டு மெம்பர் எவரும் பலகையின்மேல் உட்காரமாட்டார், சுற்றி உட்காருவார். சங்கப்பலகைக்கு இருந்த வசதி அந்த மேசைக்கு இல்லை. தகுதியற்றவரைத் தள்ளிவிட அதற்குத் தெரியாது.

மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுப்பவர்களை அந்த மேசையின் பெயராலேயே அழைப்பது பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம். 1834இல் இங்கிலாந்தின் ஏழைகள் சட்டம் திருத்தப்பட்டபோது, ஏழையர் விடுதிகளை நடத்த 'போர்டு ஆஃப் கார்டியன்ஸ்' என்ற காப்பாளர் குழுக்கள் ஊர்தோறும் ஏற்பட்டன. யாருக்கு எவ்வளவு கஞ்சி என்று தீர்மானித்தவர்கள் அவர்கள்தாம். 1837இல் டிக்கன்ஸ் தொடராக எழுதத் தொடங்கிய ஆலிவர் ட்விஸ்டில் ஒரு சிறு நிகழ்ச்சி வரும். ஒன்பது வயது அநாதைப் பையனை அந்தக் குழுவின்முன் கொண்டுபோய் நிறுத்தி, போர்டை வணங்கு என்கிறார்கள். பையன் சுற்றுமுற்றும் பார்க்கிறான். மேசையைத் தவிர வேறு பலகை எதுவும் அவன் கண்ணில் படவில்லை. எனவே மேசையைக் கும்பிடுகிறான். பெரும்பாலோர் இதை ஒரு நகைச்சுவைத் துணுக்காகக் கடந்துவிடுவார்கள். சொல்லின் வரலாற்றை அந்தப் பிள்ளையைப்போல் சரியாகப் புரிந்துகொண்டவர் எவருமில்லை என்பேன். அவன் கும்பிட்டதே மூலப் போர்டு. சுற்றியிருந்த கனவான்கள் ஆகுபெயர்.

அந்தப் பக்கத்தைக் கல்லூரியில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வராமல் போனதற்குக் காரணம், நான் ஒரு போர்டிங் பிள்ளை.

திருநெல்வேலிப் பக்கத்தில் மிஷன் பள்ளிகளோடு சேர்ந்த விடுதிகளைப் 'போர்டிங்' என்றே சொல்வார்கள். வீட்டிலிருந்து வந்துபோகிறவன் டே ஸ்காலர். விடுதியில் தங்கியவன் போர்டிங் பிள்ளை. அப்பா இறந்து ஓராண்டு கழித்து, ஆறாம் வகுப்புக்கு என்னை அங்கே சேர்த்தார்கள். அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லுக்கு அவள் வைத்திருந்த பொருளை எந்த அகராதியும் இவ்வளவு துல்லியமாகத் தரவில்லை. "போர்டிங்குல மூணு நேரமும் சோறு போடுதாவளாம்யா" என்றாள். படிப்பைப் பற்றி ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. அவள் அறிந்த போர்டில் கரும்பலகை கிடையாது, சோற்றுப்பலகை மட்டுமே. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலேயர் அவளைப் புரிந்துகொண்டிருப்பார்.

அந்தக் கட்டடத்தில் போர்டுகள் பல இருந்தன. வகுப்பில் ஒன்று. உணவுக்கூடத்து வாசலில் வாரத்தின் உணவுப் பட்டியலை வெள்ளைப் பெயிண்டில் எழுதிய ஒன்று. அதில் புதன்கிழமைக்கு நேரே 'முட்டை' என்று இருக்கும். நான் அங்கிருந்த காலத்தில் பல புதன்கிழமைகள் முட்டை இல்லாமலே கடந்தன. என்றாலும் எழுத்து அழியவில்லை. ஆபீஸ் அறைக்கு வெளியே கம்பிவலை அடித்த நோட்டீஸ் போர்டு. இவையன்றி, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு போர்டும் இருந்தது. "போர்டு முடிவு பண்ணணும்", "போர்டுல கேட்டுத்தான் சொல்லணும்" என்று வார்டன் ஐயா அடிக்கடி சொல்வார். ஆண்டுக்கு ஒருமுறை அது கூடும். அன்று காலை பெரிய பையன்கள் நூலகத்திலிருந்து நீள மேசையைத் தூக்கிவந்து உணவுக்கூடத்தின் நடுவில் போடுவார்கள். பச்சைத் துணி விரிக்கப்படும். மற்ற நாள்களில் நாங்கள் அங்கே தரையில் உட்கார்ந்து தட்டில் உண்போம், மேசையே கிடையாது. ஆகவே எங்களைப் பொறுத்தவரை மேசை வந்தால் போர்டு வந்தது, மேசை போனால் போர்டு போயிற்று. ஆலிவரின் தர்க்கமே எங்களுடையதும்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்த ஆண்டு போர்டு கூடிய மறுநாள், வலைக்குப் பின்னால் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு பருவம் போர்டிங் பணம் கட்டாதவர்கள் வார இறுதிக்குள் விடுதியை விட்டுப் போகவேண்டும். ஏழு பெயர்கள். எனக்கு அடுத்த பாயில் படுப்பவன் நான்காவது. என் அம்மா எப்படியோ ஒரு பருவத்துப் பணத்தைக் கட்டியிருந்தாள். எப்படி என்று பின்னர் தெரிந்தது, காதில் கிடந்தது போயிருந்தது. அவன் அம்மாவின் காதில் முன்பே ஒன்றும் இல்லை. அவன் பட்டியலை இரண்டுமுறை படித்தான். பிறகு டிரங்குப் பெட்டியை எடுத்துவந்து திறந்து, எனக்குத் தரவேண்டிய ஒரு பென்சிலைத் தந்தான். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போகலாம் என்று வார்டன் ஐயா சொன்னார். அன்றைய சாப்பாட்டை அவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

அவனை நான் மறுபடி பார்த்தது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து. நெல்லை ஜங்ஷன் பக்கத்துச் சந்தொன்றில், கால் நீட்டி உட்கார்ந்து ஒரு மருந்துக்கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தான். போர்டு எழுதும் கடை அவனுடையதுதான். சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துத் தெறித்துக் கோடு போடுவது, தகரத்துக்கு முதலில் சிவப்பு ஆக்சைடு அடிப்பது, 'ழ'வின் வால் அடுத்த எழுத்தின் இடத்தைத் தின்றுவிடாமல் பார்ப்பது என்று தொழிலின் நுணுக்கங்களை ஆர்வத்தோடு சொன்னான். தமிழ் எழுத்தில் எழுதுவதற்குக் கடினமானது 'ஞ' என்றான். தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில், அந்தப் பட்டியல் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான். "ஏன் இல்லாம? கையெழுத்து நல்லா இருந்துச்சுல்லா" என்றான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான் என்று முகத்தில் தெரிந்தது. பட்டியலை எழுதியவர் எங்கள் தமிழாசிரியர். அவருடைய எழுத்து அச்சுப்போல இருக்கும்.

2000க்குப் பின் டிஜிட்டல் ஃபிளக்ஸ் வந்தது. தூரிகையால் நாள்கணக்கில் எழுதியதை ஓர் இயந்திரம் சில நிமிடங்களில் துணியில் துப்பியது, விலையும் மலிவு. தமிழகம் முழுவதும் போர்டு எழுதுவோர் பலர் தொழில் மாறினார்கள், அவனும் மாறினான். எழுத்தில் ஆளுக்கொரு முகம் இருந்த தெருக்களில் இன்று கணினியின் நான்கைந்து எழுத்துருக்களே திரும்பத் திரும்ப விழிக்கின்றன. ஒரு பலகையில் எழுதியது யார் கை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடக்கூடிய ஊர்கள் இருந்தன என்றால் இளையோர் நம்பமாட்டார்கள்.

பலகையில் என்ன எழுதப்படுகிறது என்பதற்காக இந்த மாநிலத்தில் பெரும்போராட்டங்களே நடந்திருக்கின்றன. 1953இல் கல்லக்குடியில் கருணாநிதியும் தோழர்களும் டால்மியாபுரம் என்ற ரயில்நிலையப் பெயர்ப்பலகையின்மேல் 'கல்லக்குடி' என்று எழுதிய தாளை ஒட்டினார்கள். பிறகு தண்டவாளத்தில் படுத்தார்கள். 1957இல் பெரியார், சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து மறியல் தொடங்கினார். அது மாதக்கணக்கில் நீண்டது. அந்தக் காலத்துச் செய்திகளைப் படிக்கையில் இரண்டு போர்டுகள் எனக்குத் தெரிகின்றன. வாசலில் தொங்கியது பலகைப் போர்டு. சண்டை உண்மையில் உள்ளே இருந்த சாப்பாட்டுப் போர்டைப் பற்றியது; யார் சமைத்ததை யார், எந்தப் பந்தியில், யாரோடு உண்பது என்பதைப் பற்றியது.

நிர்வாகப் போர்டு நம்மிடம் கப்பலேறி வந்த கதை நீண்டது, சுருக்கிச் சொல்கிறேன். 1786இல் சென்னையில் கும்பெனியார் 'போர்டு ஆஃப் ரெவின்யூ'வை அமைத்தார்கள். நிலவரி தொடர்பான மேல்முறையீடு எல்லாம் அங்கே போகும். ஆட்சிகள் மாறியும் அது நிலைத்து, 1980இல்தான் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட, தாலுகா போர்டுகளைக் கொண்டுவந்தது. அவை சாலை போட்டன, மருத்துவமனை கட்டின. தஞ்சை ஜில்லா போர்டோ ஒரு படி மேலே போய் ரயில் பாதையே போட்டது. 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைவரை வண்டி ஓடியது. அவை நடத்திய பள்ளிகள் போர்டு ஸ்கூல்கள். போர்டுகள் போய் அரைநூற்றாண்டு கடந்த பிறகும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அரசுப் பள்ளியைப் 'போர்டு ஸ்கூல்' என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்திலும் 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு அதே பெயர். அந்தப் போர்டுகளை 1902இல் கலைத்தார்கள். கோவில்களுக்கும் ஒரு போர்டு இருந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் துறையாக்கிவிட்டது. கேரளத்தில் இன்றும் தேவஸ்வம் போர்டுதான். சபரிமலைக்குப் போய்வருவோருக்கு நன்கு தெரியும்.

சுதந்திரத்துக்குப் பின் ஆட்சித்தமிழ் அமைத்தவர்கள் இந்தச் சொல்லுக்கு என்ன செய்தார்கள் என்பதே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பலகை என்று மொழிபெயர்த்தால் மின்சாரப் பலகை, வீட்டுவசதிப் பலகை என்று சிரிப்பாகிவிடும். கழகம், குழு, மன்றம் எல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டன. அவர்கள் ஆயிரம் ஆண்டு பின்னால் போய் உத்திரமேரூர்க் கல்லிலிருந்து ஒரு சொல்லைப் பெயர்த்து வந்தார்கள்: வாரியம்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அங்கே உள்ளன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்று ஊராட்சி வேலைகளைப் பகிர்ந்துகொண்ட குழுக்களை அவை பேசுகின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். முப்பத்தைந்துக்குக் கீழும் எழுபதுக்கு மேலும் வயதுள்ளவர் கூடாது. காணி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டும். அதாவது இது பிராமண நிலவுடைமையாளரின் சபை; மேடைகளில் முழங்கப்படுவதுபோல ஊரார் எல்லோருக்குமான மக்களாட்சியன்று. ஆனால் ஒரு விதி என்னைக் கவர்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவனுடைய உறவினர் பெயரையும் இடக்கூடாது. யார் யார் உறவினர் என்று சிற்றப்பன், மாமன், மருமகன் என ஒன்றுவிடாமல் கல்லில் எண்ணி வெட்டி வைத்திருக்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் எழுதிய விதி என்று தெரிகிறது.

இப்படி ஏரி வாரியத்தின் வாரிசாக 1957இல் மின்சார வாரியம் வந்தது. 1961இல் வீட்டுவசதி வாரியம், 1970இல் குடிசை மாற்று வாரியம், 1971இல் குடிநீர் வடிகால் வாரியம். கிரிக்கெட்டுக்கும் வாரியம், தேர்வுக்கும் வாரியம். மொழிபெயர்ப்பில் பலகையும் போயிற்று, சோறும் போயிற்று. அதிகாரம் மட்டும் வந்து சேர்ந்தது. குறையாகச் சொல்லவில்லை. இவ்வளவு பொருத்தமான கலைச்சொல் அபூர்வம். ஆனால் மக்கள் நாக்கு கல்வெட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. மின்வாரியம் 2010இல் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பின்னும் நாம் கட்டுவது 'ஈ.பி. பில்'தான்.

விட்டுப்போன சில்லறைகள் சில. நேர்மையைக் குறிக்கும் 'அபவ் போர்டு' சூதாடிகள் தந்தது: கை மேசைக்கு மேலே தெரிந்தால் சீட்டு மாற்றவில்லை என்று பொருள். காரில் வேகம் காட்டும் 'டாஷ்போர்டு', குதிரைக் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர்மேல் படாமலிருக்க முன்னால் வைத்த மரத்தடுப்பு. குதிரை போய்விட்டது, சேறும் ஓரளவு போய்விட்டது, தடுப்பு இருக்கிறது. சதுரங்க அணிப்போட்டிகளில் போர்டு என்பது ஆளின் வரிசை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் குகேஷ் முதல் போர்டில் ஆடித் தனிநபர் தங்கம் பெற்றார். கேரம் விதிகளில் ஒரு சுற்றுக்கே போர்டு என்று பெயர்: இருபத்தைந்து புள்ளி அல்லது எட்டுப் போர்டு முடிந்தால் ஆட்டம் முடிந்தது. கணினி நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவர்களை 'ஆன்போர்டு' செய்கிறார்கள். பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் அது அங்கே படும் பாட்டைக் கேட்டால், கடலில் குதித்துவிடலாம் என்று தோன்றும்.

தமிழ்நாட்டில் அண்மையில் பிறந்த போர்டு ஒன்று உண்டு. சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்கு 'ஒயிட் போர்டு' என்று பெயர். ஊரின் பெயரை வெள்ளைப் பலகையில் எழுதி வைத்ததால் வந்தது. 2021 மே மாதம் அந்த வகைப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்தபோது, அதுவரை சில்லறை எண்ணி எண்ணி ஏறிய அந்தச் சொல் ஒரே நாளில் மதிப்பு உயர்ந்தது. இப்போது பல பேருந்துகளில் பலகையே இல்லை. விளக்குப் புள்ளிகளால் ஊர்ப்பெயர் ஓடுகிறது. இலவச வண்டியை அடையாளம் காட்ட இளஞ்சிவப்புச் சாயமும் பூசினார்கள். என்றாலும் நிறுத்தத்தில் கூடையோடு நிற்கும் பாட்டி, வண்டி வளைந்து வரும்போதே பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறார்: "கண்ணு, ஒயிட் போர்டா அது?"